மண்ணின் மகளிரும் மன்றத்து இருக்கைகளும்

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, மலாய்க்காரர்களை இந்நாட்டின் பூர்வகுடி மக்கள் என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அவர்களுடைய அரசியல், கல்வி, சமய, பொருளியல், சமூக, பண்பாட்டு நலன்களையும் மலாய் மொழியையும் காத்து வளர்ப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்றும் அது கூறுகிறது. பழங்காலத்தில் காலாங் ஆற்று முகத்துவாரத்திலும் வடக்கு நீரிணையிலும் படகுகளிலேயே வாழ்ந்த ஓராங் காலாங், ஓராங் சிலேத்தார் போன்ற கடற்குடிகளில் சிலர் ஜொகூர் பக்கம் போய்விட்டார்கள். மற்றவர்கள் மலாய்ச் சமூகத்தோடு கலந்துவிட்டார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு.

சொந்த மண்ணிலேயே எண்ணிக்கையில் சிறுபான்மையாகிவிட்ட ஒரு சமூகத்தின் பெண்கள் நாட்டின் ஆட்சி மன்றங்களை எட்டிய வழி நீளமானது. அதே வழியில் தமிழ்ப் பெண்களும் பிற இந்தியப் பெண்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறார்கள். இரு தரப்பினரின் அனுபவமும் ஒன்றையே காட்டுகிறது: சட்டம் ஓர் இருக்கையை ஒதுக்கிவைக்கலாம், அதில் அமரும் தகுதியும் துணிவும் பெற்ற பெண்ணைச் சங்கங்களும் பள்ளிகளும் தொழிற்சங்கங்களும் பல ஆண்டுகள் உழைத்துத்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது.

சங்கங்களில் தொடங்கிய தலைமை

போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் மலாய்ப் பெண்ணின் வாழ்க்கை நிலையற்றதாக இருந்தது. கணவன் ஒரு சொல்லில் மணவிலக்குத் தரலாம்; வாழ்க்கைச் செலவுக்கு உத்தரவாதம் இல்லை. மலாய்த் திருமணங்களில் சரிபாதிக்கு மேல் மணவிலக்கில் முடிந்த காலம் அது. இந்த நிலையை மாற்ற முன்வந்தவர்களில் முதன்மையானவர் சே ஜஹாரா பிந்தி நூர் முகமது. 1947இல் அவர் மலாய்ப் பெண்கள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரின் முதல் முஸ்லிம் பெண்கள் நலச் சங்கம் அதுதான். ஆதரவற்ற பெண்களையும் அனாதைக் குழந்தைகளையும் அவர் தம் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார். இனமோ மதமோ பார்க்கவில்லை. திருமணச் சட்டம் திருந்த வேண்டும் என்று பொது மேடைகளில் பேசினார்.

1952இல் இரண்டு அமைப்புகள் பிறந்தன. முஸ்லிம் இளம்பெண்கள் கூடி அமைத்த பிபிஐஎஸ் சங்கம் ஒன்று. ஷிரின் ஃபோஸ்தார் முன்னின்று நடத்திய சிங்கப்பூர் மாதர் மன்றம் மற்றொன்று. மும்பையில் பிறந்த ஷிரின், எல்லா இனப் பெண்களையும் ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டினார்: ஒருவனுக்கு ஒரு மனைவி, மணவிலக்குக்கு முறையான விசாரணை. முஸ்லிம் பெண்கள் சங்கங்களின் வற்புறுத்தலுக்கும் பங்குண்டு என்று சொல்லத்தக்க வகையில் 1958இல் ஷரியா நீதிமன்றம் நிறுவப்பட்டது. ஒருதலையாக நடந்துவந்த மணவிலக்கு விவகாரங்கள் அதன்பின் நீதிபதி முன் வரத் தொடங்கின. நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கைகூட இல்லாத காலத்திலேயே பெண்கள் சட்டத்தின் போக்கைத் திருப்பினார்கள்.

இந்தியப் பெண்களின் தொடக்கமும் சங்கத்தில்தான். 1931இல் இந்திய, இலங்கைப் பெண்களுக்கென அமைந்த மன்றம் பிற்காலத்தில் கமலா மன்றம் என்று பெயர் பெற்றது. கேரளத்தில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய செச்சா டேவிஸ் அதன் முன்னோடிகளுள் ஒருவர். அங்கே வீட்டைவிட்டு வெளியே வந்து கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் மேடையில் பேசவும் பெண்கள் பழகினார்கள்.

1943இல் அந்தப் பழக்கம் வேறு வடிவம் எடுத்தது. சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு 1940இல் சிங்கப்பூர் வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அழைத்தபோது இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டபோது பெண்கள் நலத்துக்கு அவர் பொறுப்பேற்றார். மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. இன்றைய லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம் அது. அந்தப் படையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்து படையில் உயர் பொறுப்பு வகித்த ஜானகி தேவர், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி, பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரும் ஆனார். தோட்டத் தொழிலாளியின் மகளும் கட்டளையிடும் இடத்துக்கு வரலாம் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

1951: முதல் இந்தியப் பெண், 1959: முதல் மலாய்ப் பெண்

1948இல் சிங்கப்பூரில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்பதால் வாக்காளர் தொகை சிறியது. 1951 தேர்தலில் வழக்கறிஞர் விலாசினி மேனன் சுயேச்சையாக நின்று சிலேத்தார் தொகுதியில் வென்றார். சிங்கப்பூர்ச் சட்டமன்றத்துக்கு மக்கள் வாக்கால் சென்ற முதல் பெண் ஓர் இந்தியர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

முழுத் தன்னாட்சிக்கான 1959 தேர்தலில் வாக்களிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதனால் இல்லத்தரசிகளும் தொழிலாளிப் பெண்களும் பெருமளவில் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். மக்கள் செயல் கட்சி பெண்களின் உரிமையைத் தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்தது. 51 இருக்கைகளில் ஐந்தைப் பெண்கள் வென்றார்கள். அவர்களுள் சிக்லாப் தொகுதியில் வென்ற சஹோரா பிந்தி அகமது, மன்றத்தில் அமர்ந்த முதல் மலாய்ப் பெண்.

1961 மே மாதம் மாதர் சாசனம் நிறைவேறியது. செப்டம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. பலதார மணம் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. இரண்டாம் தாரம், மூன்றாம் தாரம் என்று வதைபட்ட தமிழ்க் குடும்பங்களிலும் அது ஒரு திருப்பம். முஸ்லிம்களின் திருமண விவகாரங்கள் ஷரியா நீதிமன்றத்தின் கீழ் தனியாகத் தொடர்ந்தன.

அதே ஆண்டு ஜூலையில் ஒரு மலாய்ப் பெண்ணின் ஒற்றை வாக்கு நாட்டின் போக்கைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. பிரதமர் லீ குவான் இயூ தம் அரசாங்கத்தின்மீது நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆளும் மக்கள் செயல் கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. சஹோரா அப்போது நோயுற்று மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்து ஆம்புலன்சில் சட்டமன்றத்துக்கு வந்து அவர் ஆதரவாக வாக்களித்தார். இரவெல்லாம் நீண்ட விவாதத்துக்குப் பின் ஜூலை 21 அதிகாலையில் முடிவு வந்தது: ஆதரவு 27, எதிர்ப்பு 8, நடுநிலை 16. மொத்தம் 51 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் பாதியைத் தாண்ட 26 வாக்குகள் வேண்டும். ஒவ்வொரு வாக்கும் எவ்வளவு கனமானது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

நாற்பது ஆண்டு இடைவெளி

அந்தத் தொடக்கம் நிலைக்கவில்லை. 1963 தேர்தலில் மலாய்ப் பெண் எவரும் வெல்லவில்லை. மாதர் சாசனத்துக்காக ஓயாமல் குரல் கொடுத்த சான் சோய் சியோங் 1970இல் விலகியபின், 1984 வரை நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூட இல்லை. 1984இல் மூன்று பெண்கள் மீண்டும் நுழைந்தார்கள்; மூவரும் சீனர். சுதந்திர சிங்கப்பூரின் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மலாய்ப் பெண்ணைக் காண 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் சட்டத்தில் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. வாக்காளர்கள் தங்கள் இனத்தவருக்கே வாக்களிக்கத் தொடங்கினால் சிறுபான்மையினர் மன்றத்தில் இல்லாமலே போய்விடுவார்கள் என்ற கவலையில் 1988இல் குழுத்தொகுதி முறை கொண்டுவரப்பட்டது. குழுத்தொகுதியில் ஒரு கட்சி ஓர் அணியாகவே போட்டியிட வேண்டும். அணியில் குறைந்தது ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். மொத்தக் குழுத்தொகுதிகளில் ஐந்தில் மூன்று பங்கில் அந்தச் சிறுபான்மை வேட்பாளர் மலாய்க்காரராகவே இருக்க வேண்டும். பூர்வகுடிச் சமூகத்தின் இருப்பை இந்த விதி உறுதிசெய்தது. ஆனால் அது இனத்தை மட்டும் கணக்கிடுகிறது. ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. விதியைச் சமூகத்தின் ஆண்களை மட்டும் கொண்டே முழுமையாக நிறைவேற்றிவிட முடியும். 1988க்குப் பின் பதின்மூன்று ஆண்டுகள் மலாய் இருக்கைகளில் நடந்ததும் அதுவே.

நியமன நாடாளுமன்ற உறுப்பினர் திட்டம் 1990இல் வந்தது. அதன் வழியே 1992இல் மன்றத்துக்கு வந்த முதல் பெண் எலும்பு அறுவை மருத்துவர் கன்வல்ஜித் சொய்ன். பெண்கள் உரிமைக்காகப் பணிபுரியும் அவேர் அமைப்பின் நிறுவனர்களுள் அவர் ஒருவர். 1995இல் குடும்ப வன்முறைக்கு எதிராக அவர் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அதன் கருத்துகளில் பல, 1996இல் திருத்தப்பட்ட மாதர் சாசனத்தில் இடம்பெற்றன. கட்சியும் தொகுதியும் இல்லாத ஒரு சிறுபான்மைப் பெண் மன்றத்தில் இருந்ததால் எல்லா இன மனைவியருக்கும் பாதுகாப்புக் கூடியது.

2001: இரண்டு பெண்கள்

2001 பொதுத்தேர்தலில் ஜூரோங் குழுத்தொகுதியிலிருந்து ஹலிமா யாக்கோப்பும் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியிலிருந்து இந்திராணி ராஜாவும் நாடாளுமன்றத்துக்கு வந்தார்கள். இருவரும் வழக்கறிஞர்கள்.

ஹலிமா 1954இல் குவீன் ஸ்திரீட் வீட்டில் பிறந்தார். இந்திய முஸ்லிமான தந்தை காவலாளி. ஹலிமாவுக்கு எட்டு வயதானபோது அவர் இறந்துவிட்டார். மலாய்க்காரரான தாயார் தள்ளுவண்டியில் நாசி பாடாங் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். விடிவதற்கு முன்பே கடை வேலைக்கு உதவிவிட்டுப் பள்ளிக்குப் போன பெண், 1978இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அதன்பின் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்து 33 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். மின்னணுத் தொழிற்சாலைகளின் கூலி ஒப்பந்தங்களைப் பேசி முடித்தார். சங்கத்தின் உயர் பொறுப்புகளுக்கு வந்தார். 1999இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக் குழுவுக்குத் தேர்வானார். நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டன.

2011இல் அவர் துணை அமைச்சர். 2013 ஜனவரியில் நாடாளுமன்றத்தின் முதல் பெண் நாயகர். இந்தியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த இந்திராணி ராஜா, துணை நாயகராக இருந்து, 2018இல் பிரதமர் அலுவலக அமைச்சராகவும் 2020இல் அவைத் தலைவராகவும் உயர்ந்தார். இந்தியச் சமூகத்தின் கல்வி மேம்பாட்டுக்காக 1991இல் தொடங்கப்பட்ட சிண்டாவுக்கும் அவர் தலைமை தாங்கினார்.

அதிபர் பதவி கற்றுத் தரும் பாடம்

2016இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. தொடர்ந்து ஐந்து தவணைகளுக்கு ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் எவரும் அதிபராக இல்லையென்றால் அடுத்த தேர்தல் அச்சமூகத்துக்கு ஒதுக்கப்படும் என்பது புதிய விதி. அதன்படி 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. முதல் அதிபரான யூசோஃப் இஷாக் 1970இல் மறைந்தபின் அதுவரை மலாய்க்காரர் எவரும் அப்பதவியில் இருந்ததில்லை.

வேட்பாளருக்கான தகுதி மிகக் கடினமானது. தனியார் துறையிலிருந்து வருபவர் 50 கோடி வெள்ளி பங்குதாரர் மூலதனம் கொண்ட நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும். பொதுத்துறையிலிருந்து வருபவர் அமைச்சர், தலைமை நீதிபதி, நாடாளுமன்ற நாயகர் போன்ற பதவியில் மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். போட்டியிட முன்வந்த தொழிலதிபர்களான மற்ற இருவர் நிறுவன அளவுகோலை எட்டவில்லை. நாயகர் பதவி ஹலிமாவுக்குத் தகுதியைத் தந்தது. 2017 செப்டம்பர் 14 அன்று நாட்டின் முதல் பெண் அதிபராக அவர் பதவியேற்றார். போட்டியே இல்லாமல் போனதால் வாக்களிக்க வாய்ப்புக் கிட்டவில்லை என்ற ஏமாற்றத்தைக் குடிமக்கள் பலர் வெளியிட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. தேர்தல் என்பது மக்கள் கையில் இருக்க வேண்டியது. அதே நேரத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒதுக்கீடு சமூகத்துக்குத்தான், பெண்ணுக்கு அல்ல. நாயகர் பதவி என்ற படியில் ஒரு மலாய்ப் பெண் நான்காண்டுகளுக்கு முன்பே ஏறியிருந்ததால்தான் அந்த ஒதுக்கீடு ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் படிகளில் பெண்கள் இல்லாவிட்டால் மேலே எத்தனை ஒதுக்கீடு இருந்தாலும் அது அவர்களை எட்டாது.

லிட்டில் இந்தியா காட்டும் கணக்கு

லிட்டில் இந்தியா அடங்கிய ஜாலான் புசார் குழுத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2020இலும் 2025இலும் அங்கு வென்ற நால்வர் அணியில் இரண்டு பெண்கள் உண்டு: ஜோசஃபின் டியோ, டெனிஸ் புவா. இருவரும் சீனர். அணியின் சிறுபான்மை உறுப்பினர் வான் ரிசால் மலாய் ஆண். பெண்கள் பாதி, சிறுபான்மையினர் ஒருவர். விதி முழுமையாக நிறைவேறியிருக்கிறது. ஆனாலும் தேக்காச் சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் நடமாடும் தமிழ்ப் பெண்ணோ மலாய்ப் பெண்ணோ அந்த அணியில் இல்லை. உறுப்பினர்கள் எவருடைய உழைப்பிலும் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. இனத்தைத் தனியாகவும் பாலினத்தைத் தனியாகவும் எண்ணும்போது, இரண்டும் சேரும் இடத்தில் நிற்பவர் எண்ணப்படாமலே போகலாம் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று.

இந்தியாவின் உள்ளாட்சிச் சட்டம் இந்த இடத்தை நேரடியாகத் தொட்டது. 1993 ஏப்ரல் 24 முதல் நடப்பிலுள்ள 73ஆம் அரசமைப்புத் திருத்தம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களுக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு என்று வைத்தது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சியில் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. சந்தால் பழங்குடியில் பிறந்த திரௌபதி முர்மு, 1997இல் ஒடிசாவின் ராய்ரங்பூர் நகர மன்றத்தில் உறுப்பினராகத் தொடங்கினார்; சட்டமன்றம், ஜார்க்கண்ட் ஆளுநர் பதவி ஆகியவற்றைக் கடந்து 2022 ஜூலை 25 அன்று இந்தியக் குடியரசுத் தலைவரானார்.

நியூசிலாந்து 1867இலேயே மவோரி மக்களுக்குத் தனித் தொகுதிகள் அமைத்தது. பெண்ணென்று தனியாக எண்ணாததால், முதல் மவோரிப் பெண் உறுப்பினரான இரியாக்கா ராத்தானா மன்றத்துக்கு வர 1949 ஆகிவிட்டது. பூர்வகுடி மக்களின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் பிரகடனம் 2007இல் ஏற்கப்பட்டது. முடிவெடுக்கும் இடங்களில் பூர்வகுடியினர் பங்கேற்கும் உரிமையைச் சொல்லும் அந்தப் பிரகடனம், பெண்களின் தேவைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

படிகளை அமைப்பது

ஹலிமாவுக்குப் பின் வழி மெல்ல அகன்றிருக்கிறது. 2006இல் டாக்டர் ஃபாத்திமா லத்தீஃப், 2011இல் டாக்டர் இந்தான் அசுரா மொக்தார், 2015இல் ரஹாயு மஹ்ஸாம், 2020இல் நாடியா சம்டின், மரியம் ஜாஃபர், 2025இல் ஹஸ்லினா அப்துல் ஹலிம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் மலாய்ப் பெண்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். ரஹாயு 2024இல் துணை அமைச்சரானார். கலைத்துறையைச் சேர்ந்த உஷா சந்திரதாஸ் 2023இல் நியமன உறுப்பினராக வந்தார். ஆயினும் 2025 தேர்தலுக்குப் பின் அமைந்த அமைச்சரவை வரை மலாய்ப் பெண் எவரும் முழு அமைச்சராகவில்லை.

இவர்களுடைய வாழ்க்கையைப் பார்த்தால் வந்த வழி தெளிவாகத் தெரிகிறது. முதல் படி கல்வி. மலாய், முஸ்லிம் சமூகத்துக்காக 1982இல் தொடங்கிய மெண்டாக்கியும் பின்னர் சிண்டாவும் துணைப்பாட வகுப்புகள், கட்டண உதவி ஆகியவற்றால் ஏழைக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசெல்ல உதவுகின்றன. இரண்டாவது, சமூகப் பணி. தொழிற்சங்கம், பிபிஐஎஸ் போன்ற சங்கம், பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகம், மக்கள் கழகத்தின் அடித்தள அமைப்பு, வாராந்திர மக்கள் சந்திப்பு ஆகியவற்றில்தான் ஒரு பெண் பிறர் குறையைக் கேட்கவும் அதிகாரியோடு வாதாடவும் கூட்டத்தை ஒன்றுசேர்க்கவும் கற்றுக்கொள்கிறார். மூன்றாவது, முன்னே சென்றவர்கள் பின்னே வருபவர்களைக் கைதூக்கிவிடுவது. 1989இல் அமைந்த மக்கள் செயல் கட்சியின் மகளிர் அணியும் 1980இல் அமைந்த சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றமும் இந்தப் பணியைச் செய்கின்றன.

தடைகளை அகற்றுவதும் படி அமைப்பதே. 2021 நவம்பர் முதல் பொது மருத்துவமனைகளில் தாதியர் சீருடையோடு தூடோங் என்னும் தலைத்துணி அணியலாம் என்ற முடிவு, சமயப் பற்றுள்ள முஸ்லிம் பெண்களுக்கு ஒரு பெரிய துறையின் கதவைத் தயக்கமின்றித் திறந்தது. 2022இல் நாடாளுமன்றம் ஏற்ற பெண்கள் மேம்பாட்டு வெள்ளை அறிக்கை 25 செயல்திட்டங்களை முன்வைத்தது. 2024 டிசம்பர் முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கோரும் ஊழியரின் விண்ணப்பத்தை முதலாளி முறையாகப் பரிசீலிக்க வேண்டும். குழந்தையையும் முதியவரையும் பேணும் சுமை பெண்ணின் தோளிலேயே இருக்கும்வரை மாலைநேரக் கூட்டங்களும் தொகுதிப் பணிகளும் அவருக்கு எட்டாதவையாகவே இருக்கும். ஆகையால் இத்தகைய ஏற்பாடுகள் அரசியலோடு நேரடித் தொடர்புடையவை.

செய்ய வேண்டியவையும் இதே வரிசையில் உள்ளன. கட்சிகள் குழுத்தொகுதி அணிகளை அமைக்கும்போது சிறுபான்மை இருக்கைகளில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ண வேண்டும். சமூக உதவி அமைப்புகளின் இயக்குநர் குழுக்களிலும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களிலும் பெண்களுக்கு முடிவெடுக்கும் பொறுப்புகள் கிடைக்க வேண்டும். அடுத்த தலைமுறைத் தலைவியர் பழகும் இடங்கள் அவையே. சே ஜஹாராவுக்கு வீடும் ஹலிமாவுக்குத் தொழிற்சங்கமும் பயிற்சிக்களமாக இருந்தன. அத்தகைய களங்கள் பெருகினால்தான் 152ஆம் பிரிவு தரும் அங்கீகாரம் பூர்வகுடிச் சமூகத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேர உரியதாகும்; அதே களங்கள் லிட்டில் இந்தியாவின் தமிழ்ப் பெண்ணுக்கும் வழி திறக்கும்.